திரு. கன்னியப்பனுக்கு ஒரு கடிதம்

போன மாதம் கூரியர் வேலை பார்த்தேன். அக்கா மகளுக்காக! எலெக்ட்ரானிக் சிட்டியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவுக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை, எழுதுவதுதானே... என்று என்னை ஏவிவிட்டாள். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம். அதற்குள் ஐரோப்பிய ஆய்வு மையம். அங்கே ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். மூன்று அறைகள், சுவரில் ஐரோப்பா வரைபடம், அதற்குக் கீழே அமுதா. அவ்வளவுதான்.

அமுதா அங்கே ஆபீஸ் அசிஸ்டென்ட். ஆஸ்டின் டவுன்காரர். பதினெட்டு வருடமாக மாணவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். விசா போட்டோவுக்குச் சிரிக்கலாமா, எந்த நாட்டுக்கு எத்தனை நகல் — எல்லாம் விரல் நுனியில். அவர் மட்டும் திருப்பதியைத் தாண்டியதில்லை.

தினமும் அவர் சண்டை போடுவது இனிஷியலோடு. நமக்கு இருப்பது ஒரே பெயர். அப்பா அதற்கு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். ஐரோப்பிய விண்ணப்பம் விடுமா? குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். இனிஷியல் போடாதீர்கள், அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள் என்று அன்றும் போனில் ஒருவருக்குக் கன்னடத்திலும் இன்னொருவருக்குத் தமிழிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்காக நான் காத்திருந்தபோது ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், அலுவலக ஊழியர்களை ஐந்து நாள் அழைக்கிறது. மையத்துப் பேராசிரியர் வற்புறுத்தியதில் அமுதாவும் விண்ணப்பித்திருக்கிறார். இடமும் கிடைத்துவிட்டது. அந்த அழைப்புக் கடிதம்தான் இது. ஆரம்பமே, 'மதிப்புக்குரிய திரு. கன்னியப்பன் அவர்களுக்கு'.

கன்னியப்பன், அமுதாவின் அப்பா. இறந்து ஒன்பது வருடமாகிறது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அமுதா எழுதியது அவர் பெயரைத்தான்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்று கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை விசா நேர்காணல். அதற்குள் கடிதத்தில் பெயரைத் திருத்தி வாங்காவிட்டால் பயணமே கிடையாது. ஒரு மெயில் போட்டால் போதும். ஆனால், இரண்டு நாளாக அவர் போடவில்லை. ஏன்?

அப்பா கன்டோன்மென்ட்டில் ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குச் சமைத்தவராம். அவர்கள் ஊர் திரும்பும்போது, கடிதம் போடுகிறோம், நீயும் வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நம்பி சிவாஜிநகரில் ஒரு பழைய கோட்டு வாங்கி வைத்துவிட்டார் மனிதர். தபால்காரர் வருகிற நேரத்தில் வீட்டை விட்டு நகரமாட்டாராம். சீமையிலிருந்து லெட்டர் வரும், வரும் என்றே காலம் போய்விட்டது.

"இப்ப வந்துடுச்சி சார். 'உங்களுக்காகக் காத்திருக்கிறோம்'னு போட்டிருக்காங்க. அது அவரு இல்லன்னு நான் எப்டி சார் எழுதறது?"

வாராவாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான். இரண்டு வரி மெயிலுக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவரே தட்டினார். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதவில்லை. 'கன்னியப்பன் என் தந்தை. இம்முறை அவர் மகள் அமுதா வருகிறேன்' என்று மட்டும் எழுதினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தை ஒரு தாளில் முழுதாக விரித்து எழுதிப் பார்த்தேன். எத்தனை வருடமாயிற்று அந்தப் பெயரை எழுதி... அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

திருத்திய கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. விசாவும் கிடைத்தது. போன வாரம் அமுதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. ஏதோ ஒரு கல் பாலம். தொளதொளவென்று ஓர் ஆம்பிளைக் கோட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். நெஞ்சில் பெயர் அட்டை. அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர் முழுதாக, சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாக: 'ஏ. கன்னியப்பன்'.

அப்பா ஒருவழியாகச் சீமையைப் பார்த்துவிட்டார் — கூடப் போன மகள்தான் இனிஷியல்!