ஜீப் போன பிறகு

சுந்தரம்மாவுக்கு வாய் ஓயாது. மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு அட்டெண்டன். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் துடிப்பைப் பார்க்கும் மெஷினுக்குப் பெண்களைத் தயார்படுத்துவது அவள் வேலை. மூத்திரம் போய்வரச் சொல்லி, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி கொடுத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றில் பெல்ட்டைக் கட்டுவாள். "ஒங்க மகாராசா தூங்குறாரு, எழுப்பிவிடுவோம்" என்பாள். அந்தக் கேலியிலேயே பாதிப் பயம் ஓடிவிடும்.

எண்பத்தொன்பதில், ஆமிக்காரர்கள் வீடு வீடாக ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், தெய்வானை வந்த அன்று கேலி எடுபடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண், நிறைமாதம். பிள்ளை இரண்டு நாளாக அசையவில்லை என்றாள். புருஷன் அழகையாவைத் தேடி ராத்திரியில் அடிக்கடி ஆமி ஜீப் வருமாம். அவன் காட்டுக்குள் ஓடிவிடுவான். இவள் விளக்கை அணைத்துவிட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்தபடி மூச்சுக் காட்டாமல் கிடப்பாளாம்.

மெஷினில் துடிப்பு கேட்டது. ஆனால் காகிதத்தில் கோடு நூல் பிடித்தாற்போல் போனது. பிள்ளை அசைந்தால் துடிப்பு ஏறவேண்டும். ஏறாவிட்டால் இன்றைக்கே வயிற்றை அறுக்கவேண்டும், பிள்ளை தப்புமோ தெரியாது என்றாள் நர்ஸ் சந்திரவதனா. சுந்தரம்மா வயிற்றைக் குலுக்கிப் பார்த்தாள்; இன்னொரு தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது வீதியில் ஒரு ஜீப் வந்தது. துடிப்பு சட்டென்று எகிறியது.

சந்திரவதனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று டாக்டரிடம் சொல்லப் போனாள். தெய்வானை கூரையைப் பார்த்தபடியே வயிற்றைத் தடவினாள்.

"சத்தம் போடாத கண்ணு. இப்ப போயிருவாங்க."

துடிப்பு இறங்கி, பழையபடி ஒரே கோட்டில் போனது. சுந்தரம்மா அந்தக் காகிதத்தையே பார்த்தாள். பிள்ளைக்கு நோவு ஒன்றுமில்லை; அது ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அப்படி நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் பகலில் சுகப்பிரசவம். ஆண் பிள்ளை. கண் திறந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. அழுகை மட்டும் வரவில்லை. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார்கள். அப்போதும் அழவில்லை. வெளியே ஏதோ வாகனம் உறுமிக்கொண்டு நின்றது. அது கிளம்பி, வளைவு தாண்டி, சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் பிள்ளை வாயைத் திறந்து வீறிட்டது.

எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். சுந்தரம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் போய் ஜன்னலைச் சாத்தினாள்.