கிளாஸா, டின்னா?

ஹட்டன் கடைவீதியில் எங்கள் தேத்தண்ணிக் கடைக்கு அழகே அந்தச் செம்பு பாய்லர்தான். ரயில் எஞ்சினைப்போல் உறுமும். புளி போட்டுத் தேய்த்த நாளில் அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். பக்கத்துப் பலகையில் கண்ணாடிக் கிளாஸ்கள் கவிழ்ந்திருக்கும். சம்பளத்துக்குத் தேத்தண்ணி ஆற்றுகிற அண்ணன் ஒரு குவளையைக் கூரைக்கும் மற்றதைத் தரைக்குமாக நீட்டுவார். நெருங்கி நின்று வேடிக்கை பார்ப்பவர்களிடம், "தள்ளி நில்லுங்க, மூக்கையும் சேத்து ஆத்திப்புடுவேன்" என்பார்.

வாசல் தூணில் ஓர் ஆணி. அதில் ஒரு காலிப் பால்டின், தகரத்தால் பிடி வைத்தது, தொங்கும். எந்தச் சாதியார் கிளாஸைத் தொடக்கூடாது என்று ஊர் நினைத்ததோ அவர்களுக்கு அது. வெளியே நின்று குடித்து, அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போகவேண்டும். "எதுல ஊத்துனாலும் ருசி ஒண்ணுதான்" என்பார் அப்பா. அவர் அதில் குடித்துப் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு காலை. அப்பா சரக்கெடுக்கக் கொழும்பு போயிருந்ததால் கல்லாவில் நான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த கூட்டாளி குதித்துக்கொண்டு வந்தான். தோட்டத்துக் கோயிலில் தப்படிக்கிறவரின் மகன். அவன் ரொட்டியில் பாதி எனக்கு, என் இட்லியில் பாதி அவனுக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

"டேய், டயகமயில வாத்தியார் வேல கெடச்சிருச்சு! மொதல்ல ஒனக்குத்தான் சொல்றேன். தேத்தண்ணி போடச் சொல்லு!" என்று உள்ளே வந்து உட்கார்ந்தான்.

எதிரே கிளாஸும் கையுமாக இருந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருமுறை இருமினார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, கிளாஸா, டின்னா?"

சமத்துவம் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கியவன் நான். அந்த நாக்குக்குக் 'கிளாஸ்' என்று சொல்ல வரவில்லை.

"கிளாஸெல்லாம் ஒடஞ்சிருச்சு" என்றேன்.

அவன் பலகையைப் பார்த்தான். வரிசையாகப் பளபளத்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தனையுமா? அப்ப ஒனக்கும் இல்லயே! சரி, அந்த டின்னுலயே ஊத்தச் சொல்லு. ஆளுக்குப் பாதி குடிப்போம்."

என் பொய்யிலிருந்து நான் வெளியே வர அவனே கதவு திறந்துவிட்டான். எனக்குக் கால் எழவில்லை.

"நான் இப்பதான் குடிச்சேன்டா."

அவன் எழுந்து போய்த் தானே டின்னை எடுத்து நீட்டினான். தூறலில் நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தான். கழுவி ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"நல்லாருந்துச்சுங்க. வாறேங்க."

ஊர் வழக்கம் என்று பழியை யார்மேலும் போடமாட்டேன். நான் செய்தது, தெரிந்தே செய்தது. பிறகும் கடைவீதியில் அடிக்கடி பார்த்துக்கொண்டோம். நின்று நலம் விசாரிப்பான். நான் "டேய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பான்.