சூசைமுத்து வீட்டு வெளிச்சம்

போன மார்கழியில் நிலக்கோட்டை முழுக்க இதே பேச்சு: பூ வேன் ஓட்டும் சூசைமுத்து வீட்டில் மாதா இறங்கியிருக்கிறாராம். விடியுமுன்னே ஜன்னலில் பால்போல வெளிச்சம் தெரியுதாம். என் காதுக்கு வந்தபோது மாதா பேசவும் ஆரம்பித்திருந்தார். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சித்திரை வெயிலில் பூ மார்க்கெட்டையே சிரிக்க வைக்கிற மனுசன் சூசைமுத்து. மழைக்காலம் வந்து வானம் மூடினால் அவரும் மூடிக்கொள்வார். போர்வைக்குள் கிடந்து சுவரையே பார்ப்பார். பறித்த பூ அவர் எழுந்து வரும்வரை காத்திருக்குமா? வேன் முதலாளி முத்துக்கிருஷ்ணன் சொல்லிவிட்டார்: "ஏப்பா சூசை, வர்ற மழைக்கும் நீ படுத்தேன்னா, சாவிய வச்சிட்டுப் போயிரு."

மனைவி ஐரின்தான் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் போனார். வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு மனசு இப்படி இருண்டுபோகும், நம் பக்கம் அபூர்வம் என்றார் டாக்டரம்மா. கண்ணைச் சோதிக்கச் சொல்லி, காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் நல்ல வெளிச்சத்துக்கு முன் உட்காரணும், அதற்கென்றே விளக்கு இருக்கிறது என்றார்.

விளக்குதானே என்று நம்ம ஆள், திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற போக்கஸ் லைட்டைத் தூக்கி வந்துவிட்டார்.

"ஏங்க, இது மருந்தா? இதுல அப்பளம் சுடலாம் போலருக்கு!" என்றார் ஐரின்.

கண் எரிச்சலோடு சூசைமுத்து மறுபடி டாக்டரிடம் ஓடினார். திட்டையும் வாங்கி, சரியான விளக்கையும் வாங்கி வந்தார். தட்டையான வெள்ளை விளக்கு. அதை நேராகப் பார்க்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு வரக்காப்பி குடிப்பார். ஒருநாள்கூட விடவில்லை. கொஞ்ச நாளில் விசிலடித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அந்த மழைக்கு அவர் படுக்கவேயில்லை.

அப்புறம்தான் அந்த விடியல். வாசலில் மெழுகுவத்தியோடு கூட்டம். வேன் நகர வழியில்லை. முதலாளியும் கைகூப்பி நிற்கிறார். மாதாதான் என்று சும்மா தலையாட்டியிருந்தால் வேன் சாவியை ஆயுசுக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனசுக்குச் சீக்கு என்று சொன்னால் அன்றைக்கே போனாலும் போகும். நானாயிருந்தால் உண்டியலே வைத்திருப்பேன். சாவி இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அது நிலைக்கும் என்று அந்த நிமிசம் அவருக்குத் தெரியாது. முதலாளி முகத்தைப் பார்த்தே சொன்னார் மனுசன்:

"மாதா எதுக்குப்பா என் வீட்டுக்கு வாராக? எனக்கு மனசுக்குச் சீக்கு. அதுக்கு இந்த லைட்டு மருந்து. அம்புட்டுத்தான். மெழுகுவத்திய அணைச்சுட்டு வழிய விடுங்க, தோட்டத்துல பூவோட ஆளுக காத்துக் கெடக்காக!"