பெரிய மாத்திரை

எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். மரக்கட்டையில் லைன் நம்பரை எழுதி, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணியில் கட்டை இல்லையென்றால் போனவள் திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் நாற்பது பேர்.

என் கணவர் இறந்த மறுவருஷம் எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அவர் இறந்தபோதே என் ரத்தத்தையும் சோதித்து, எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மாதாமாதம் வந்து மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் போகவில்லை. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. என் பெண் அப்போது ஆறாவது படித்தாள். வேலூர் பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு வருஷத்தைக் கழித்தேன்.

முதலில் ஒரு நாளைக்கு நான்கு தடவை, பிறகு எட்டு, பத்து. வெறும் தண்ணீராகப் போகும். மத்தியானச் சோற்றை நிறுத்தினேன், தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அப்படியும் நிற்கவில்லை. சூப்பர்வைசரும் பெண்தான். ஒரு நாள் நான் கட்டையை எடுக்கும்போது லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "இன்னாமா, நீ கம்பெனிக்கு வேலைக்கு வர்றியா, கக்கூசுக்கு வர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிஷின் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு கேட்டது. நானும் சிரித்தபடியேதான் ஓடினேன்.

புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகு வேலூருக்குப் போனேன். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர். மலத்தைச் சோதித்துவிட்டு, குடலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது என்றார். நல்ல உடம்புக்காரர்களுக்கு அது வந்தால் தானே போய்விடுமாம். எங்களைப் போன்றவர்களுக்குப் போகாதாம். போனாலும் ஒளிந்திருந்து திரும்ப வருமாம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தோடு, வெள்ளையாக, நீளமாக, தொண்டையில் மாட்டுகிற மாதிரி இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். அதற்கு வாயில் நுழையாத பெயர். பெரிய மாத்திரை என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

"பத்து நாள் இதை ஜாஸ்தியா போடணும். அப்புறம் தினம் ஒண்ணு," என்றார். "நாலு நாள்லயே உங்களுக்கு நின்னுடும்மா. நின்னுடுச்சேன்னு விட்டுடுவீங்க. அங்கதான் தப்பு நடக்குது. ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி அணுக்களோட எண்ணிக்கை ஏறி, ஏறுன இடத்துல நிக்கிற வரைக்கும் போடணும். நிறுத்துறதா இருந்தா நான்தான் சொல்லணும், நீங்க முடிவு பண்ணக் கூடாது."

ஐந்தாவது நாள் நின்றது. ஆறாவது நாள் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த மாதம் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது, எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். எங்கள் லைனில் தோலின் ஓரத்துக்குப் பசை தடவி மடித்துத் தட்டுகிறவள். என் வயதுதான். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவளோ சிரித்தாள்.

"நீயும் இங்கதானா? அப்பாடா," என்றாள்.

அந்த 'அப்பாடா'வுக்குப் பிறகு நான் தனியாக இல்லை. அவளும் விரிஞ்சிபுரத்துப் பக்கம்தான்; கம்பெனி பஸ்ஸில் ஒன்றாக உட்கார ஆரம்பித்தோம். அவளுக்கும் அதே வயிற்றுத் தொல்லை முன்பு வந்து, அதே மாத்திரையில் நின்றிருந்தது. மத்தியானம் அவள் எல்லோர் எதிரிலும் அதை விழுங்குவாள். கேட்டால், "வயித்துல புண்ணு," என்பாள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அட்டையிலிருந்து பிரித்து ஒரு ஹேர்பின் டப்பாவில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயடிக்குப் போய் விழுங்குவேன். வீட்டில் காலையிலேயே விழுங்கியிருக்கலாம். அங்கே என் பெண்ணின் கண் இருந்தது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் அவள் பையிலிருந்து கூட்டு மருந்து டப்பா கீழே உருண்டது. தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதை எடுத்துப் பார்த்தாள். போனில் படமும் பிடித்தாள். அது என்ன மருந்து என்று போனே அவளுக்குச் சொல்லிவிட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் லைனுக்கே தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவள் கேரியரைத் திறந்தபோது அவளைச் சுற்றி ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நான் மட்டும் பழக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தேன். எதிரில் இருந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ அவகூடத்தானே பஸ்ல வர்ற? உனக்குத் தெரியாதா?"

எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. டப்பா இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா இவ பக்கத்துல உக்காந்து துன்னுவனா?" என்றேன். கேரியரைத் தூக்கிக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் அவள் பையை மேசைமேல் கொட்டச் சொன்னாள். வேலை செய்கிற இடத்தில் மருந்து வைத்திருக்கக் கூடாது, தோலில் பட்டால் யார் பதில் சொல்வது என்று சொல்லி எல்லா மாத்திரைகளையும் குப்பைத் தொட்டியில் தள்ளினாள். அந்த மாதத்து மருந்து முழுவதும் அதில் இருந்தது. வீட்டில் மாமியார் கண்ணில் படாமல் இருக்க அவள் பையிலேயே வைத்திருப்பாள். கூட்டு மருந்தை மட்டும் யாரும் பார்க்காதபோது தொட்டியிலிருந்து பொறுக்கிக்கொண்டாளாம். அட்டையிலிருந்து பிரித்து வைத்திருந்த பெரிய மாத்திரைகள் தொட்டியில் கிடந்த பசையில் ஒட்டி நாசமாகிவிட்டிருந்தன. மறுபடி மருந்து வாங்கிவர லீவு கேட்டதற்கு, "போறதுன்னா ஒரேடியா போய்டு," என்று பதில் வந்தது. அதோடு அவளுக்கென்று தனிக் கட்டை ஒன்றையும் ஆணியில் மாட்டினார்கள். அதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. லைன் கட்டை ஆணிக்குத் திரும்பிய பிறகுதான் அவள் தன் கட்டையை எடுக்கலாம் என்று ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், கை கழுவுகிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உங்கிட்ட பெரிய மாத்திரை இருந்தா ஒரு பத்து குடு. எப்படியாவது போய் வாங்கினு வந்து திருப்பித் தர்றேன். எனக்குப் பயமா கீது, அது திரும்பி வந்துடும்."

டப்பாவில் பதினெட்டு இருந்தது. பின்னால் இரண்டு பெண்கள் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட இல்ல. எங்கிட்ட ஏன் கேக்குற?" என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படி.

ஒரு மாதத்துக்குள் அவளுக்கு அது திரும்பி வந்தது. சிவப்புக் கயிற்றுக் கட்டையை அவள் எடுக்கும்போதெல்லாம் யாராவது எண்ணுவார்கள்: "அஞ்சு", "ஆறு". எண்ணிக்கை ஏற ஏறச் சிரிப்பும் ஏறும். ஒரு நாள் பிற்பகல் அவள் எழுந்து நின்றபோது லைன் கட்டை வெளியே போயிருந்தது. எடுத்துப் போனவள் வேண்டுமென்றே நேரம் கடத்தினாள் என்பது பிறகு எல்லோரும் சொல்லிச் சிரித்த விஷயம். சூப்பர்வைசர் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் நடுங்கின. பிறகு அவள் புடவையின் பின்பக்கம் நனைந்தது.

துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பெண்கள் விலகினார்கள். போனில் பிடித்தவர்களும் இருந்தார்கள். சூப்பர்வைசர் ஒரு வாளியையும் கழிவுத் துணியையும் தள்ளிவிட்டு, "நீயே துடைச்சிட்டுப் போ," என்றாள். நனைந்த புடவையோடு முட்டி போட்டு அவள் துடைத்தாள். என் மிஷினிலிருந்து நான்கடி தூரம். நான் தைத்துக்கொண்டே இருந்தேன். தையல் கோணலாகப் போய் மூன்று ஜோடி வீணாயிற்று. அதற்கும் திட்டு வாங்கினேன். துடைத்து முடித்தவள் வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கேட் வழியே போனாள். மறுநாள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

அவள் இடத்தில் அடுத்து என்னை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் புகுந்துவிட்டது. ஹேர்பின் டப்பாவைப் பாலாற்று மணலில் வீசினேன். கூட்டு மருந்தை மட்டும் பெண் தூங்கிய பிறகு விழுங்கினேன், பெரியதை விட்டுவிட்டேன். வயிறுதான் நன்றாக இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மாதம் அது வந்தது. இரண்டு நாள் ஜுரம் என்று பொய் சொல்லிவிட்டு வேலூருக்கு ஓடினேன்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "எண்ணிக்கை இன்னும் ஏறவே இல்ல. யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார். "உங்க கம்பெனி ஆள் ஒருத்தங்க இதே கதையோட உள்ள படுத்திருக்காங்க. ரெண்டு வாரமா ட்ரிப்ஸ் ஏறுது," என்றார். உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல உதட்டைக் கடித்தார்.

வார்டுக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் இருந்தாள். கன்னம் உள்ளே போய், பல் பெரிதாகத் தெரிந்தது. புகார் கொடு, இதற்குச் சட்டம் இருக்கிறது என்று மருந்து கொடுக்கும் மையத்தில் சொன்னார்களாம். பெயர் வெளியே வரும் என்று மாட்டேன் என்றுவிட்டாளாம். இதைப் பக்கத்துக் கட்டில் அம்மாதான் சொன்னார். அவள் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களைத் தலைமாட்டில் வைத்தேன்.

"அன்னைக்கி உங்கிட்ட இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், "இருந்துச்சு," என்றேன்.

"எத்தனை?"

"பதினெட்டு."

மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"உன் பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு பயந்த. அது எனக்குப் புரியுது," என்றாள். "ஆனா நீ என் பக்கத்துல வந்து நிக்காத. பழத்தையும் எடுத்துட்டுப் போ."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் சாகவில்லை. இப்போது சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. மாதத்தில் ஒரு நாள் வரிசையில் பார்ப்பேன். நான் பின்னால் வந்து நின்றால், தன் இடத்தை விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள். நான் அதன் பிறகு ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை. எண்ணிக்கை ஏறி நின்றது. பெரியதை இனி நிறுத்தலாம் என்று டாக்டரே போன வருஷம் சொல்லிவிட்டார். அவளுக்கு இன்னும் நிறுத்தவில்லை. ஜன்னலில் மருந்து கொடுப்பவர் அவளுக்கு எண்ணிக் கொடுப்பதைப் பார்க்கிறேன்.

கம்பெனியில் என்னைப் பற்றி யாருக்கும் தெரியாது. போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அந்தப் பிற்பகலைப் புதிதாக வந்தவர்களுக்கு நடித்துக் காட்டினாள். மேசையைப் பிடித்து, காலை நடுக்கி, மூக்கைச் சுளித்து. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. என் பக்கம் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். சிரித்தேன்.