அத்தை எடுத்த புளியமுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுத்தால் அத்தை முகம் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். இப்போது அவள் சாமி பாதம் சேர்ந்துவிட்டாள். குற்றாலநாதர் துணையால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. இலத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் சாஸ்தா கோயில் மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் குலை குலையாகத் தொங்கும். அத்தை புருஷன், எங்கள் மாமாவுக்கு மாந்தோப்பு. பழத்தையெல்லாம் வௌவால் கடித்துப் போடுகிறது, மரத்தை வெட்ட வேண்டும் என்று கோயில் பெரியவர்களிடம் நின்றார். "அதுல என்ன நூறு எரநூறு கெடக்கும். முக்காவாசி குத்தாலத்துக்குப் போயிட்டு" என்பது அவர் பேச்சு.

நிஜமா என்று பார்க்கக் கல்லூரி சார் ஒருவர் பஸ்ஸேறி வந்தார். ஆயிரத்துக்குமேல் இருந்தால், அத்தனை உயிர் அடையும் மரத்தை வெட்டுவது பாவம் என்று விட்டுவிடுவதாகப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். இரண்டு சாயங்காலம் எண்ண ஆள் வேண்டும், கூலி கிடையாது. அப்பாவும் டீக்கடை அண்ணாச்சியும் நானும் சாரோடு சேர்ந்துகொண்டோம். ஆளுக்கொரு திசை வானம். பத்து வௌவால் போனால் தேங்காய்ச் சிரட்டையில் ஒரு புளியமுத்து போட வேண்டும்.

முதல் நாள் சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் அவிந்தபோது மரம் மெல்ல அவிழ்ந்தது. ஒன்று, இரண்டு, பிறகு வானமே சிறகாகிப் போனது. நான் தரையில்தான் நிற்கிறேனா என்பதுகூட மறந்துவிட்டது. "வாய மூடிக்கிட்டு எண்ணுட்டி, உள்ள ஒண்ணு போயிரும்" என்றார் அப்பா.

விளக்குப் போட வந்த அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் பறந்து முடிந்ததும் என் சிரட்டையிலிருந்து ஒரு கை முத்தை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லாத, என்னட்டி?"

அன்று நாலு சிரட்டையும் சேர்த்து நூறு முத்து தேறவில்லை. சார் முகம் வாடிவிட்டது. "நாளைக்கும் இப்படின்னா மரம் போயிரும்மா" என்றார்.

மாமாவுக்காகத்தான் அத்தை களவாண்டாள் என்று எனக்கு ஆத்திரம். மறுநாள் வீட்டுப் புளியமுத்தைப் பாவாடையில் முடிந்துகொண்டுபோய், இரண்டு கை கூடப் போட்டேன். அத்தை அன்றும் ஒரு கை எடுத்தாள். நூறைத் தாண்டிவிட்டது. மரம் நின்றது. சார் என் தலையைத் தடவினார். எனக்குத்தான் சாஸ்தாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த சமயம், ஜனத்தொகை எடுக்க வந்தவரிடம் அத்தை முந்திக்கொண்டு, "இவளுக்கு ஒண்ணுதான்" என்றாள், தொட்டிலை மறைத்து நின்றபடி. அவர் போனதும் கேட்டேன்.

"உசுருள்ளத முழுசா எண்ணிச் சொல்லப்பிடாதுட்டி. கண்ணு பட்டுரும்."

அவள் பெற்ற மூன்றில் தங்கியது ஒன்று.

வௌவாலுக்கும் அதைத்தான் செய்திருக்கிறாள். ஒன்பது வயதில் எனக்கு அது களவாகத் தெரிந்தது. உண்மையில் அன்று எத்தனை இருந்தன என்பது அந்தச் சாஸ்தாவுக்கே வெளிச்சம். படிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், அவள் எடுத்ததையும் நான் போட்டதையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.