பின்சீட்டில் ஒரு டிரைவர்

வண்டி ஓட்டத் தெரியாத ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது சுலபம். பயத்தில் கம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். வருஷக்கணக்காக வண்டி ஓட்டிப் பழகிய ஆளைப் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. அதிலும் அந்த ஆள் உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த உங்கள் புருஷனாகவே இருந்துவிட்டால் அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கி, வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, ஆபரேஷன் வரைக்கும் போனது. ஆபரேஷன் முடிந்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இடது கண் பரவாயில்லை. "இனிமே காடி நஹி சலானேகா" என்று டாக்டரம்மா பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டக் கூடாது என்றதும் கண் போனதைவிட அதிகமாக இடிந்துபோனார் மனுஷன்.

அவருக்கு மான்குர்தில் தோல்பை பட்டறை. கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து நடத்துகிறார். எனக்குச் செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. காலையில் தாராவியிலிருந்து பைக்கில் கிளம்பி, என்னைச் செம்பூரில் இறக்கிவிட்டு அவர் மான்குர்துக்குப் போவார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பத்தின் பாதி சண்டையும் முக்கால்வாசி சமாதானமும் அந்த வண்டியில்தான் நடந்திருக்கிறது.

வண்டி இல்லையென்றால் ரயில்தானே என்று ஒருநாள் ரயிலில் கிளம்பினார். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாற வேண்டும். அந்த நேரத்துக் குர்லா படிக்கட்டு எப்படி இருக்கும் என்று மும்பையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வலது பக்கத்திலிருந்து இடித்தவர்கள் யாரையும் இவருக்குத் தெரியவில்லை. படியில் உருண்டு, முழங்கை தோல் உரிந்து, பட்டறைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பட்டறைய கூட்டாளியே பாத்துக்கிடட்டும். நான் வீட்டோட இருந்துக்கிடுதேன்."

வீட்டோடு இருந்தும் பார்த்தார். நான் வெங்காயம் நறுக்குவதில் குற்றம் கண்டுபிடித்தார். பால்காரனிடம் சண்டை போட்டார். பகலெல்லாம் தூங்கினார். எனக்கு அதெல்லாம்கூடப் பெரிதில்லை. சாயங்காலம் அவர் சட்டையில் எப்போதும் ஒரு வாசனை வரும், தோலும் பசையும் கலந்தது. புதுசில் எனக்கு அது குமட்டும். அந்த வாசனை இல்லாத சட்டையைத் துவைக்கப் போடும் முன்னால் முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். இந்த ஆளை இப்படியே விட்டால் மூலையில் முடங்கிவிடுவார், அப்புறம் எழுப்ப முடியாது என்று பயந்துபோனேன்.

"மச்சான், நாளையிலேர்ந்து நான் ஓட்டுதேன். நீங்க பின்னால இரிங்க. ஒங்கள மான்குர்துல விட்டுட்டு நான் திரும்பி செம்பூர் வந்துருதேன்" என்றேன்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பொம்பள ஓட்ட, பின்னால நானா? நம்ம தாராவி தொண்ணூறடி ரோட்டுல பாக்குதவன்லாம் பல்லக் காட்டுவான்."

"காட்டட்டும். பல்லு சரியில்லன்னா நம்ம கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் அவர் பாதி சம்மதித்த மாதிரி.

எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான் என்பதால் நான் ஓட்டுவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கவலை எனக்குத்தான், அவர் உட்காருவதைப் பற்றி. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்திலேயே வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துப் பாடம் ஆரம்பித்தேன். நான் புதுப்பெண்ணாக மேலப்பாளையத்திலிருந்து வந்தபோது இதே சந்தில் எனக்கு நடந்த பாடம்தான் அது. "மூட்டை மாதிரி இரி. மூட்டை பேசாது, மூட்டை சாயாது, மூட்டை ரோட்டப் பாத்து அலறாது" என்று அன்றைக்கு என்னை அதட்டினார். அதை ஒரு எழுத்து விடாமல் அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

"ரெம்பப் பேசாத. ஏறு வண்டில" என்றார்.

ஏறினேன். பின்னால் அவர் ஏறினார். நிற்கிற வண்டிதான். ஆனாலும் நான் கைப்பிடியைத் திருப்பியதும் எனக்கு முன்னாலேயே அவர் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. பிரேக் பிடிப்பது போல் பாவனை செய்தேன். அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டு வந்து என் கணுக்காலில் மிதித்தது. இடது கால் பெருவிரல் கியரைத் தேடியது. பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் காலில் ஊறிக் கிடக்கிறது.

"பிடிச்சிக்கிடுங்க மச்சான்."

"எங்கன பிடிக்க?"

"எம்மேலதான்."

"சந்துல ஆள் நிக்கு புள்ள."

"நிக்காஹ் பண்ணித்தான கூட்டிட்டு வந்திய? தூக்கிட்டா வந்திய?"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள், "வாப்பா, டென்ஷன் நகோ!" என்று மராத்தி கலந்து கத்திச் சிரித்தாள், பயப்பட வேண்டாமாம். அவர் காது சிவந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் அந்தக் கம்பியை விட்டு என் பக்கம் கை வரவில்லை. சரி, கம்பியையாவது பிடிக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் புர்காவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பிஸ்மி சொல்லிக் கிளம்பினோம். சயான் பாலத்தை மூடிவிட்டதால் மாட்டுங்கா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவை நான் பிரேக் பிடித்தபோதும் அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டக்கென்று முட்டியது. முட்டிவிட்டு, "பைய பிடி" என்பார். கொஞ்சம் வேகம் எடுத்தால், "கியர மாத்து, வண்டி அழுவுது." பள்ளத்தில் விட்டால், "கண்ண எங்க வச்சிருக்க?" அவர் ஓட்டிய காலத்தில் பள்ளத்தில் இறங்கினால் முனிசிபாலிட்டிக்காரனைத் திட்டுவார். நான் இறக்கினால் திட்டு எனக்கு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

ஆனால் மான்குர்தில் பட்டறை வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார் பாருங்கள், அந்த நடைக்காக இன்னும் நூறு முட்டு வாங்கலாம் என்றிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சட்டையில் பசை வாசனை வந்தது.

நாட்கள் போகப் போக முட்டு குறைந்தது. சாய்வதும் குறைந்தது. ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. சிக்னலில் வண்டி நின்றால் போதும், அவருடைய இரண்டு காலும் தரையில் இறங்கிவிடும். ஓட்டுகிறவர்தான் கால் ஊன்ற வேண்டும், பின்னால் இருக்கிறவர் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். எத்தனை தரம் சொன்னாலும், "நான் என்ன செய்ய, அது தானா இறங்குது" என்பார். உயரமான மனுஷன் வேறு. கால் ஊன்றினால் சீட்டில் பட்டும் படாமலும்தான் இருப்பார்.

அப்படி ஒரு காலையில், செம்பூர் தாண்டி ஒரு சிக்னலில் நின்றோம். இடது பக்கமாக ஒரு ஆட்டோ உரசுகிற மாதிரி வந்து நுழைந்தது. நம்ம ஆளுக்குப் பொறுக்குமா? கம்பியை விட்டுவிட்டு, காலை ஊன்றி எழுந்து நின்று, ஆட்டோக்காரனைப் பார்த்து, "அந்தா ஹை க்யா?" என்று சத்தம் போட்டார். கண் தெரியலையா என்று! யார் யாரைக் கேட்பது என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. வண்டியை எடுத்தேன்.

வண்டி என்னமாய்ப் போயிற்று தெரியுமா? பூ மாதிரி. முட்டு இல்லை, சாய்வு இல்லை, கியரை மாற்று என்ற குரல் இல்லை. எனக்கு ஒரே பெருமை. "பாத்தியளா மச்சான், இன்னைக்குத்தான் மூட்டை மாதிரி சமத்தா இருக்கிய" என்றேன். பதில் இல்லை. அவர் எப்போதுமே என் பேச்சுக்குப் பதில் சொல்கிறவர் இல்லை, அதனால் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். மகளுடைய காலேஜ், அவருடைய தங்கை வீட்டு விருந்துக்குப் போகணுமா வேண்டாமா, எல்லாம் பேசினேன். அடுத்த சிக்னலில் நின்றேன். பக்கத்தில் கால் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சீட் காலி.

ஒரு ஆள் இல்லாதது தெரியாதா என்று என் மகள் இன்றைக்கும் கேட்கிறாள். தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வண்டியை ஓரத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு எதிர்த்திசையில் ஓடினேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் எங்கே விட்டேனோ அங்கேயே, ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். காலை அகட்டி வைத்தது வைத்தபடி. இரண்டு பக்கமும் வண்டிகள் அவரைச் சுற்றிப் போயின. வலது பக்கம் ஒரு பஸ் அவர் தோளை ஒட்டிப் போனது. அவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து வந்தேன். அவர் கை சில்லென்று இருந்தது.

"ஓரமா வந்துருக்கலாம்லா? அங்கனயே நிக்கிய!" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம் வர? வலது பக்கம் சத்தம் மட்டுந்தான் கேக்கு. என்ன வருது, எம்புட்டுத் தூரத்துல வருதுன்னு ஒண்ணும் தெரியல புள்ள. நீ வருவன்னு தெரியும். அதான் நின்னேன்."

கண்ணைப் பற்றி அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் ஹெல்மெட்டின் மேல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது நான் சொல்லிவிட்டேன். "இனி என்னால ஆவாது. ஒங்களக் கொன்னுட்டு நான் இருக்க முடியாது. நீங்க சொன்ன மாதிரி பட்டறைய கூட்டாளிட்டயே குடுத்துருங்க. வீட்டுல இரிங்க. எனக்கு நீங்க உசுரோட வேணும்." அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இவரை வீட்டுக்குள் முடக்கிப் போடக் கூடாது என்று அத்தனை பாடுபட்ட நானே, என் வாயால் முடக்கிப் போட்டுவிட்டேனே என்று புரண்டு புரண்டு படுத்தேன். ஆனாலும் அந்தப் பஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது.

காலையில் நான் தனியாகக் கிளம்பலாம் என்று இறங்கி வந்தால், வண்டியின் பின்சீட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் மேலே, மிதியில். முன்சீட் எனக்காகக் காலியாக இருந்தது. சந்தில் தண்ணீர் பிடிக்கிற கூட்டம் முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"எறங்குங்க மச்சான். நேத்தே சொல்லிட்டேன்லா."

"நேத்து நீ சொன்ன. இன்னைக்கு நான் சொல்லுதேன், கேளு. நீ எப்பவும் போல பேசிக்கிட்டே ஓட்டு. நான் ம் கொட்டிக்கிட்டே வாரேன். ம் வரலன்னா வண்டிய நிப்பாட்டு."

"நான் பேசுததுக்கு நீங்க ம் கொட்டுவியளாக்கும்? கல்யாணமான நாள்லேர்ந்து கொட்டுனது கிடையாது."

"இனி கொட்டுதேன். ஏறு. நேரமாவுது."

ஏறினேன். என்ன செய்ய, இந்த ஆளோடு வேறு என்னதான் செய்ய முடியும்? நான் வண்டியைக் கிளப்பியதும், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையும் பின்னாலிருந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டி ஓடியிருக்காது.

தாராவியிலிருந்து பேச ஆரம்பித்தேன். கேஸ் தீரப் போகுது என்றேன். ம். மாட்டுங்காவில் பூ விற்கிற விலையைப் பார்த்தியளா என்றேன். ம். மகள் வர வர யாருக்கும் அடங்க மாட்டேங்குறா என்றேன். ம். சிக்னலில் நின்றாலும் ம், கிளம்பினாலும் ம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷன் நான் பேசுவதை முழுசாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். அந்தச் சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். சுன்னாபட்டி தாண்டி, "ஒங்க தங்கச்சி வீட்டு விருந்துல போன தடவ பிரியாணி வேகவே இல்ல, தெரியுமா?" என்றேன்.

ம் வரவில்லை.

உயிரே போய்விட்டது. இடுப்பில் கை இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. இண்டிகேட்டர் போடாமல், பின்னால் வந்தவனெல்லாம் திட்டத் திட்ட, ஓரத்துக்கு இழுத்து பிரேக்கை அழுத்தினேன். அவர் ஹெல்மெட் டக்கென்று என் ஹெல்மெட்டில் முட்டியது.

"மச்சான்! ஏன் ம் கொட்டல?"

"வெந்துதான இருந்துச்சு" என்றார்.