பூட்டிய குளத்தங்கரைப் பாதை

மாநகரப் பூங்கா, நடைபாதை, இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் அறிவிப்புப் பலகையில் அம்மாள் "நீர்நிலை வல்லுநர்". உண்மையில் ஆயுள் முழுக்கச் சலவைக்கடை நடத்தியவர். குழுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது; தண்ணீரோடு பழகிய அம்மாள் என்று யாரோ சொல்ல, பெயர் ஏறிவிட்டது.

அவருடைய வீட்டுக்காரருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. குளத்தங்கரைப் பாதையில் மட்டும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார். வேறு எந்தத் தெருவில் விட்டாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தப் பாதையோரம் பறவை முட்டைகள் மிதிபட்டுக் கிடந்ததைப் பார்த்து, வேலி போடச் சொல்லி அம்மாள்தான் தீர்மானம் கொண்டுவந்தார். தலைவரோ அதைத் திருத்தி, பாதையையே மூடுவது என்று வாசித்தார். எதைக் காப்பாற்றுவதானாலும் முதலில் பூட்டிவிடுவது அந்தக் குழுவின் வழக்கம்.

"நான் வேலிதானே கேட்டேன்?"

"வேலிக்குக் கம்பி வேணும், ஆள் வேணும். பூட்டுன்னா ஒண்ணு போதும். கொண்டுவந்த நீங்களே கை தூக்கலேன்னா தீர்மானம் விழுந்துடும்மா. அப்புறம் அடுத்த வருஷம்தான். அதுக்குள்ள உங்க பறவைங்க கதி அதோகதி."

மறுநாள் வீட்டுக்காரர் பாதையின் இரும்புக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் பூட்டினான்? இனிமே நான் எங்க போறது?"

"கமிட்டிக்காரங்க பூட்டிட்டாங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்று அம்மாள் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

முந்தின நாள் கூட்டத்தில் தீர்மானத்துக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவர் அம்மாள்தான்.